கரண்டி வேறு, ஸ்பூன் வேறு: சாப்பாட்டுக் கருவிகளை ஒவ்வொரு ஊரும் பிரிக்கும் விதம்

கேட்கப்பட்ட கேள்வி இது: உலகத்தாரைக் கையால் சாப்பிடுகிறவர்கள், குச்சியால் சாப்பிடுகிறவர்கள், கத்தி-முள்கரண்டியால் சாப்பிடுகிறவர்கள் என்று மூன்றாகப் பிரித்துவிடலாமா? அப்படியானால் கையும் ஒரு கருவிதானா?

பரவலாகச் சொல்லப்படும் பிரிவுதான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: கரண்டிக்கு அதில் இடமே இல்லை. கொரியாவில் சோற்றுக்குக் கரண்டி, தாய்லாந்தில் கரண்டிதான் தலைமைக் கருவி, பழைய சீனாவில் தானியச் சோற்றுக்குக் கரண்டி. குச்சி நாடு, முள்கரண்டி நாடு என்று பெயர் வைத்துவிட்டால் இவை எல்லாம் கண்ணில் படாமல் போகும். அதனால் இந்தப் பதிலில் கரண்டியைப் பின்தொடர்ந்தே போகிறேன். அது எந்த ஊரில் எந்த வேலையைச் செய்கிறது, எந்த வேலையை இழந்தது என்று பார்த்தால், அந்த ஊர்க்காரர்கள் கருவிகளை எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பது தானே தெரிந்துவிடும்.

சீனாவிலிருந்து தொடங்கலாம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஹான் அரசமரபுக் காலத்தில் தொகுக்கப்பட்ட லீஜி என்ற சடங்கு நூலில் சாப்பாட்டு ஒழுக்கம் பற்றிய விதிகள் உண்டு. அதில் ஒரு விதி: குழம்பில் காய்கீரை கிடந்தால் குச்சியைப் பயன்படுத்து, கிடக்காவிட்டால் வேண்டாம். இன்னொன்று: தினைவகைச் சோற்றைக் குச்சியால் சாப்பிடாதே. வேறொன்று: பிறரோடு ஒரே கலத்தில் சோறு உண்ணும்போது கையைப் பிசைந்து தேய்க்காதே. மூன்றையும் சேர்த்துப் படித்தால் படம் தெளிவாகிறது. அன்றைக்குக் குச்சி என்பது சாறுக்குள் மிதக்கும் துண்டை எடுக்கும் கருவி மட்டுமே. சோற்றுக்குக் கையும் ‘பி’ எனப்பட்ட கரண்டியும் இருந்தன. பிரிவு நாட்டை வைத்தோ ஆளை வைத்தோ இல்லை. கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை வைத்து. அதுவும் ஒரே குழம்புக்குள், காய் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று.

அன்யாங் அருகே, பழைய தலைநகரின் இடிபாடான யின்ஷூவில் வெண்கலக் குச்சிகள் கிடைத்திருக்கின்றன. 3,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. ஆய்வாளர்கள் பலர் அவற்றைச் சமையல் கருவியாகவே கருதுகிறார்கள். கொதிக்கும் பாத்திரத்தில் கையை விட முடியாது என்பதால் பிறந்த கருவி, பிறகுதான் சாப்பாட்டு இடத்துக்கு வந்தது. வடக்கில் தினை உண்ட காலத்தில் கரண்டி சோற்றை ஆண்டது. கோதுமை மாவுப் பண்டங்களும் நூடுல்ஸும் பரவி, தெற்கின் அரிசி நாடெங்கும் வந்த பிறகு, மிங் அரசமரபுக் காலத்துக்குள் (14-17 நூற்றாண்டுகள்) சோறும் குச்சியின் வசமாகிவிட்டது. கரண்டிக்கு மிஞ்சியது சாறு மட்டும். இன்று சீன உணவகங்களில் வைக்கும் பீங்கான் கரண்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கைப்பிடி குட்டை, அடி தட்டை, உள்ளே ஆழம். சோறு அள்ள வசதியே இல்லை. சாறு சிந்தாமல் நிற்பதற்காகவும் மேசையில் சாயாமல் உட்காருவதற்காகவும் செய்த வடிவம் அது.

குச்சியின் பெயரே இடையில் மாறியது. பழைய சொல் ‘ஜூ’. அது ‘நின்றுபோதல்’ என்ற சொல்லின் ஒலியோடு ஒத்துப்போகும். படகு நின்றுவிடக் கூடாதே என்று படகோட்டிகள் அதை விலக்கி, ‘வேகம்’ என்று பொருள்படும் ‘குவாய்’ என்று சொல்லத் தொடங்கினார்கள் என 15-ஆம் நூற்றாண்டு மிங் அதிகாரி லூ ரோங் வூ வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய ‘குவாய்ஸு’. ஜப்பானியர்கள் ‘ஹஷி’ என்பதை இன்றும் பழைய எழுத்திலேயே எழுதுகிறார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கேட்கும் ஹொக்கியன் பேச்சிலும் பழைய சொல்லே வாழ்கிறது.

மொழி எப்படிப் பிரிக்கிறது என்பதற்கு இன்னும் கூர்மையான சான்று எண்ணும் சொற்களில் இருக்கிறது. சீனத்தில் ‘ஒரு கத்தி’ என்று வெறுமனே சொல்ல முடியாது. நடுவில் அந்தப் பொருளின் வகையைக் காட்டும் ஒரு சொல் வேண்டும். கத்தி, முள்கரண்டி, கரண்டி மூன்றுக்கும் ‘பா’ என்ற ஒரே சொல். பிடித்துத் தூக்கும் பொருள்களுக்கு உரியது அது. குடையும் நாற்காலியும்கூட அந்தக் கூட்டம்தான். குச்சிக்கு ‘ஷுவாங்’, அதாவது சோடி. செருப்பும் காலுறையும் இருக்கும் கூட்டம். ஜப்பானியத்தில் கரண்டியும் முள்கரண்டியும் நீளமான பொருள்களுக்கு உரிய ‘ஹோன்’ என்ற சொல்லில் எண்ணப்படும், பென்சிலைப் போல. குச்சிக்கு மட்டும் ‘ஸென்’. ஒரு கிண்ணச் சோற்றை எண்ணுவதற்கும் அதே ‘ஸென்’தான். ஒரு கிண்ணமும் ஒரு சோடிக் குச்சியும் சேர்ந்தால் ஒரு ஆள் சாப்பாடு என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இனி கொரியா. அங்கே சாப்பாட்டுக் கருவிக்குப் பொதுச்சொல் ‘சுஜோ’. ‘சு’ கரண்டியைக் குறிக்கும், ‘ஜோ’ குச்சியைக் குறிக்கும். கரண்டிதான் முன்னால் வருகிறது. 1971-இல் கோங்ஜுவில் திறக்கப்பட்ட பழைய கொரிய நாடுகளில் ஒன்றான பெக்ஜேயின் அரசன் முர்யோங்கின் கல்லறையிலேயே வெண்கலக் கரண்டியும் குச்சியும் சேர்ந்து கிடைத்தன. அவர் இறந்தது 523-இல். சோற்றுக்கும் சாறுக்கும் கரண்டி, பக்க உணவுகளுக்குக் குச்சி என்ற வேலைப் பங்கீடு இன்றும் மாறவில்லை. பரப்பி வைக்கும்போது சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், சாறு வலப்பக்கம்; அதற்கு வலமாகக் கரண்டி, கடைசியில் குச்சி, இரண்டும் நெடுக்குவாட்டில். கரண்டியையும் குச்சியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிப்பது மரியாதைக் குறைவு. ஒன்றை வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். ‘கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்’ என்றால் அங்கே இறந்துவிட்டார் என்று பொருள்.

கொரியர்கள் ஏன் கரண்டியை விடவில்லை? காரணங்கள் பல சொல்லலாம். எனக்கு வலுவாகப் படுவது கிண்ணம். அங்கே சோற்றுக் கிண்ணம் உலோகம், மூடி போட்டது, சுடச்சுட வருவது. 1976-இல் சியோல் நகர நிர்வாகம் அரிசியைச் சிக்கனம் செய்ய, உணவகச் சோற்றுக் கிண்ணம் எவர்சில்வரில் உள்விட்டம் 10.5 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்று அளவே வகுத்தது. சுடுகிற உலோகத்தைக் கையில் தூக்கி வாயருகே கொண்டுபோக முடியாது. கிண்ணத்தைத் தூக்குவது மரியாதை இல்லை என்ற வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கிண்ணம் கீழேயே இருக்கும்போது, சோற்றையும் சாறையும் சிந்தாமல் அந்தத் தூரம் கொண்டுவரக் கரண்டிதான் வேண்டும். அதனால் கொரியக் கரண்டிக்குக் கைப்பிடி நீளம், முகம் வட்டம், ஆழம் குறைவு. குச்சியும் உலோகம்தான், பட்டையாகத் தட்டப்பட்டது, உருளாது. மரக்குச்சிக்குப் பழகியவர் கையில் அது வழுக்கும். நுனியில் வரி கீறிய வகையை வாங்கினால் பிடிமானம் கிடைக்கும். கொதிக்கும் குழம்புக்குள் அதைப் போட்டு வைத்தால் பிடிக்கும் இடம்வரை சூடு ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜப்பான் நேர் எதிர்த் திசையில் போனது. பழைய அரசவையில் சீன வழியில் கரண்டி இருந்தது. பிறகு சாப்பாட்டுத் தட்டத்திலிருந்தே மறைந்தது. மரக்கிண்ணம் சூட்டைக் கடத்தாது, கையில் தூக்கலாம். சாறுக் கிண்ணத்தை உதட்டில் வைத்துக் குடித்துவிட்டு, அடியில் கிடக்கும் துண்டுகளைக் குச்சியால் எடுத்தால் வேலை முடிந்தது. அங்கே கிண்ணத்தின் விளிம்பே கரண்டி. அதனால்தான் கொரியாவில் கிண்ணத்தைத் தூக்கினால் முகம் சுளிப்பார்கள், ஜப்பானில் தூக்காமல் குனிந்தால் முகம் சுளிப்பார்கள். இரண்டு நாட்டு ஒழுக்கமும் கிண்ணம் எதனால் ஆனது என்பதிலிருந்து கிளைத்தவை என்றே எனக்குப் படுகிறது. ராமென் நூடுல்ஸோடும் வறுத்த சோற்றோடும் சீனப் பீங்கான் கரண்டி மறுபடி அங்கே போனபோது அதற்கு அழகான பெயர் கிடைத்தது: ‘சிரிரெங்கே’, உதிர்ந்த தாமரை இதழ்.

பள்ளி மதிய உணவில் நுனி பிளந்த கரண்டி ஒன்று அங்கே புழங்கியது, முள்கரண்டியும் கரண்டியும் ஒன்றாய்ச் சேர்ந்த வடிவம். ஒரே கருவியில் எல்லா உணவும் முடியும், கழுவுவது எளிது. ஆனால் குழந்தைகள் தட்டை மேசையிலேயே வைத்து வாயை அதனருகே கொண்டுபோகப் பழகினார்கள். ‘நாய்ச் சாப்பாடு’ என்று பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். குச்சி பள்ளிக்குத் திரும்பியது. கருவியை மாற்றினால் உட்காரும் விதமும் மாறும் என்பதைப் பொறியியல் கணக்கில் மட்டும் பார்த்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

ஜப்பானிய வகைப்பாட்டில் நான் மிகவும் மதிப்பது தொல்லியலாளர் சஹாரா மகோதோ சொன்ன மூன்று பிரிவு. வடிவத்தையும் பொருளையும் விட்டுவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். பலரும் எடுத்துக்கொள்ளும் பொதுக்கலம் ‘கியோயோகி’. ஆளுக்கு ஒன்றாக வைத்தாலும் எது யாருக்குப் போனாலும் பரவாயில்லை என்ற தனிக்கலம் ‘மெய்மெய்கி’. வீட்டில் இது அப்பாவுடையது, இது தங்கையுடையது என்று ஆளோடு ஒட்டியது ‘ஸொகுஜின்கி’. ஜப்பானிய வீட்டில் சோற்றுக் கிண்ணம், தேநீர்க் குவளை, குச்சி மூன்றும் கடைசி வகை. பக்க உணவுத் தட்டுகள் இரண்டாவது வகை. அதே வீட்டில் முள்கரண்டியும் கத்தியும் இருக்கும். அவை யாருக்கும் சொந்தமில்லை, எந்த முள்கரண்டி யாருக்கு வந்தாலும் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரே இழுப்பறைக்குள் இரண்டு விதிகள்.

ஆளோடு ஒட்டியது என்பதால் அளவும் ஆளுக்கேற்ப. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் செங்கோணமாக விரியுங்கள். இரண்டு நுனிகளுக்கும் இடையில் நேர்க்கோட்டுத் தூரம் ‘ஹிதோ அதா’. அதன் ஒன்றரை மடங்கு உங்கள் குச்சியின் நீளம். அந்தத் தூரம் 15 செ.மீ. என்றால் குச்சி 22.5 செ.மீ. கடைகளில் ஆண்களுக்குச் சுமார் 23, பெண்களுக்குச் சுமார் 21 என்று விற்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. சமையல் குச்சி 30 செ.மீ.க்கும் மேல் போகும். சீனக் குச்சி 25-27 செ.மீ., நுனி மழுங்கியது. மேசை நடுவில் இருக்கும் பொதுத் தட்டை எட்ட அந்த நீளம் வேண்டும். ஜப்பானிய நுனி கூர்மையாக இருப்பது மீன்முள்ளைப் பிரிக்க. புத்தாண்டுக்கு வில்லோ மரத்தில் இரு முனையும் சீவிய குச்சி தனி: ஒரு முனை மனிதருக்கு, மறுமுனை கடவுளுக்கு. அந்த மறுமுனையைத் திருப்பிப் பரிமாறப் பயன்படுத்துவது தவறு. பொதுத்தட்டிலிருந்து எடுக்கத் தனிக்குச்சி கேட்க வேண்டும். அதற்கு ஜப்பானில் ‘தொரிபஷி’, சீனாவில் ‘கோங்குவாய்’. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுப்பது அப்படித்தான். சோற்றில் குச்சியை நட்டு வைப்பது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

பிடிக்கும் முறையைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் குறைப்பட்டுவிடும். கீழ்க்குச்சி கட்டைவிரலின் அடிக்கவையில் படுத்து, மோதிர விரலின் நகத்தோரத்தில் தாங்கி நிற்கும். அது அசையவே கூடாது. மேல்குச்சியைப் பேனா பிடிப்பதுபோல் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பிடிக்கும்; அசைவது அது மட்டும். நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு மேலே பிடியுங்கள். நுனிகள் கத்தரிபோல் குறுக்கே விழுந்தால் கீழ்க்குச்சி நகர்கிறது என்று அர்த்தம். நுனிகள் ஒன்றையொன்று தொடாவிட்டால் ஒன்று மேலேறியிருக்கிறது. தட்டில் தட்டிச் சமன் செய்யுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் சோறு சிந்துகிறது என்றால், பெரும்பாலும் தவறு உங்களிடம் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது. நம் ஊர் உணவகங்களில் உதிரி உதிரியான ஃபிரைடு ரைஸைத் தட்டைத் தட்டில் கொட்டி, பக்கத்தில் குச்சியை வைத்துவிடுகிறார்கள். குச்சிக்கு ஏற்றது ஒட்டும் அரிசி. ஜப்பானிய அரிசியில் அமைலோஸ் பொதுவாக 20 சதவீதத்துக்குக் கீழே, அதனால் கட்டிகட்டியாக வரும். அமைலோஸ் கூடிய அரிசி உதிரும். உதிரும் சோற்றைக் குச்சியால் சாப்பிட வேண்டுமென்றால் கிண்ணத்தை உதட்டருகே தூக்கித் தள்ளிக்கொள்ள வேண்டும். தட்டைத் தட்டு என்றால் ஸ்பூன் கேட்டு வாங்குங்கள், சீனர்களும் அதைத்தான் செய்வார்கள். குச்சி என்பது ஒரு முழுக்கருவியின் பாதி, மறுபாதி கிண்ணம்.

ஐரோப்பாவின் கேள்வி வேறு: வெட்டுவது எங்கே? கிழக்காசியாவிலும் நம்மிடமும் வெட்டு அடுக்களையில் முடிந்துவிடும். ஐரோப்பாவில் பெரிய இறைச்சித் துண்டு மேசைக்கே வந்தது. நடுக்கால விருந்துகளில் ஒவ்வொருவரும் தம் கத்தியைத் தாமே இடுப்பில் கொண்டுவந்தார்கள். தட்டுக்குப் பதில் பழைய ரொட்டித் துண்டு. சஹாராவின் சொல்லில் சொன்னால் கத்தி அன்று ஆளோடு ஒட்டிய பொருள். 1669-இல் பிரான்சில் பதினான்காம் லூயி கூர்முனைக் கத்தியைத் தடுத்தார். முள்கரண்டி, கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திலிருந்து இத்தாலி வழியே வந்து, இறைச்சியைப் பிடிக்கும் வேலையை எடுத்துக்கொண்ட பிறகு கத்திக்குக் கூர்முனையே தேவைப்படவில்லை. மேசைக் கத்தியின் நுனி இன்று உருண்டையாக இருப்பது அந்த வரலாற்றின் தழும்பு.

தொழிலில் இந்தப் பிரிவு இன்னும் கறாராக நிற்கிறது. ஆங்கிலத்தில் கட்லெரி என்றால் பேச்சு வழக்கில் எல்லாமும் அடங்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு போன்ற தொழில் நகரங்களின் பழைய வழக்கில் கட்லெரி என்றால் வெட்டும் அலகு உள்ளது மட்டும். கரண்டியும் முள்கரண்டியும் ஃபிளாட்வேர். கூஜா, கிண்ணம் போல உட்குழிவானவை ஹாலோவேர். இது வெறும் பெயர்ச் சண்டையாக இல்லாமல் எஃகிலேயே இருக்கிறது. கரண்டியும் முள்கரண்டியும் 18/8 அல்லது 18/10 எஃகு, அதாவது குரோமியம் 18, நிக்கல் 8 அல்லது 10 சதவீதம். துரு பிடிக்காது, ஆனால் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது, முனை நிற்காது. கத்தி அலகுக்கு நிக்கல் இல்லாத, குரோமியம் 13 சதவீத அளவுள்ள, கரிமம் கூடிய எஃகு வேண்டும். அது கடினமாகும், ஆனால் துருவுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஒரே செட்டில் வாங்கியும் கத்தியில் மட்டும் புள்ளிபுள்ளியாகத் துரு வருகிறதே என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான். உப்பும் புளிப்பும் ஒட்டியபடி இரவு முழுக்கத் தொட்டியில் போடாதீர்கள். உடனே கழுவித் துடைத்து வையுங்கள். காந்தம் வைத்துப் பார்த்தால் கத்தி அலகு ஒட்டும், 18/10 கரண்டி ஒட்டாது. கரண்டியும் நன்றாக ஒட்டினால் அது பெரும்பாலும் நிக்கல் இல்லாத 18/0.

சுங்கத் துறை எப்படிப் பிரிக்கிறது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் உலகின் பெரும்பாலான நாடுகள் ஒப்புக்கொண்ட வகைப்பாடு அது. உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் கத்திக்கு 8211. கரண்டி, முள்கரண்டி, அகப்பை, சாரணி, சர்க்கரை இடுக்கி எல்லாம் 8215. மீன் கத்தியும் வெண்ணெய்க் கத்தியும் எங்கே? பெயரில் கத்தி இருந்தும் 8215-இல், கரண்டியோடு. மீன் கத்தி பிரிக்கும், வெண்ணெய்க் கத்தி தடவும். கூரான அலகு வேண்டியதில்லை. மிகச் சரியான முடிவு என்பேன். மூங்கில் குச்சிக்கோ 4419.12, ரொட்டிப் பலகைக்குப் பக்கத்து இடம், மரப்பொருள்களுக்கான அத்தியாயம். மரக்கரண்டியும் 4419-தான், பிளாஸ்டிக் கரண்டி 3924, பீங்கான் கரண்டி 6911. உலோகக் கரண்டிக்குத்தான் வேலையை வைத்து இடம். மற்றவற்றுக்குச் செய்பொருளை வைத்து. இறக்குமதி செய்கிறவர் ‘சாப்பாட்டுக் கருவி’ என்று மொத்தமாக எழுதினால் சரக்கு துறைமுகத்தில் நிற்பது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/904 எண் ஆணை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடுத்தபோது, கட்லெரி என்று எழுதி அடைப்புக்குள் முள்கரண்டி, கத்தி, கரண்டி, குச்சி என நான்கையும் பெயர் சொன்னது. இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த தடைப் பட்டியலில் முள்கரண்டி, ஸ்பூன், கத்தி உண்டு. குச்சிக்குத் தனிப்பெயர் இல்லை. யார் எதை அன்றாடம் சாப்பாட்டுக் கருவியாக நினைக்கிறார்களோ அதைத்தான் சட்டமும் பெயர் சொல்லும்.

தாய்லாந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி வாய்க்குள் போகாது, உணவைக் கரண்டியில் தள்ளிவிடும் வேலை மட்டும். கத்தி கிடையாது. நூடுல்ஸுக்குக் குச்சி. வடகிழக்கின் ஒட்டரிசிக்குக் கை, உருட்டித் தொட்டுச் சாப்பிடுவது. ஒரே ஊரில் மூன்று நாகரிகமும் இருக்கிறதென்றால், மூன்று பிரிவு என்பது ஆட்களைப் பிரிக்கவில்லை, உணவைப் பிரிக்கிறது. எத்தியோப்பியாவில் டெஃப் என்ற சிறுதானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்ஜெரா தட்டாகவும் இருக்கும், கிள்ளி எடுக்கும் கருவியாகவும் இருக்கும், கடைசியில் உணவாகவும் இருக்கும். அதை எந்த எண்ணின் கீழும் போட முடியாது.

இனி நம் கை. தமிழில் முள்கரண்டியை ஒரு வகைக் கரண்டியாகப் பெயரிட்டோம், முள் வைத்த கரண்டி. சிங்களத்தில் கேருப்புவ, இந்தோனேசியாவில் கார்ப்பு. இரண்டும் போர்த்துக்கீசியச் சொல்லின் பிள்ளைகள். நாம் சொல்லைக் கடன் வாங்காமல் உறவில் சேர்த்துக்கொண்டோம். ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் இன்னொரு கோடு கவனத்துக்கு உரியது. வாய்க்குப் போவது ஸ்பூன். பாத்திரத்திலிருந்து இலைக்குப் போவது கரண்டி. குழம்புக் கரண்டி, சாதக் கரண்டி, ஜல்லிக் கரண்டி, தாளிப்புக் கரண்டி எதுவும் உதட்டைத் தொடாது. ‘கரண்டியால சாப்பிட்டான்’ என்றால் கேட்கிறவருக்குப் பெரிய குழம்புக் கரண்டிதான் மனதில் வரும். ஈழத்தில் சொற்கள் வேறு: வாய்க்குப் போவது கரண்டி, சட்டிக்குள் போவது அகப்பை. சொல் மாறினாலும் கோடு ஒன்றே, எச்சில் என்ற கோடு.

அந்தக் கோடு சாப்பிடும்போது உடம்பின் நடுவிலேயே ஓடுகிறது. சாப்பிடத் தொடங்கியதும் வலக்கை எச்சில் கை. தண்ணீர்ச் செம்பையும் பரிமாறும் கரண்டியையும் தொட இடக்கை. ஆக, வலக்கை நம் தனிக்கருவி, இடக்கை பொதுக்கருவி. சஹாராவின் பிரிவு இரண்டு கைகளுக்குள். கை கருவிதானா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: விதிகள் இருக்கின்றன, அளவு இருக்கிறது, செய்யக் கூடாதவை இருக்கின்றன, ஆகவே கருவிதான். விரல்களின் இரண்டாம் கணுவுக்கு மேல் சோறு ஏறக் கூடாது, உள்ளங்கை நனையக் கூடாது. ரசத்துக்கு மட்டும் விலக்கு. பரிமாறும் கரண்டி இலையையோ இலையில் கிடக்கும் சோற்றையோ தொட்டுவிட்டால் அந்தக் கரண்டி மறுபடி பாத்திரத்துக்குள் போகாது. பந்தியில் அனுபவம் உள்ளவர் ஒரு சாண் உயரத்திலிருந்து விடுவது அதனால்தான்.

உணவையும் நாம் கருவியை வைத்துப் பிரிக்கவில்லை, வாய் செய்யும் வினையை வைத்துப் பிரித்தோம். ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’ என்கிறது தொல்காப்பியம். அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன நான்குக்கும் பொதுவான சொல்; ஆகவே அடிசிலைத் தின்றான் என்றோ பருகினான் என்றோ ஒரு வினையால் சொல்லிவிடாதே என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். லீஜி, குழம்பில் காய் இருக்கிறதா என்று பார்த்தது. நம் இலக்கணம், வாய் என்ன செய்கிறது என்று பார்த்தது.

கலத்தைப் பொருளால் பிரித்ததற்கும் எச்சில்தான் அளவுகோல். உலோகம் தேய்த்தால் சுத்தமாகும், மண் உறிஞ்சிக்கொள்ளும், இலை ஒருமுறைக்கு மட்டும். விருந்தாளிக்குப் புதிய இலை போடுவதும் ஜப்பானிய உணவகத்தில் புதிதாகப் பிளக்கும் ஒருமுறைக் குச்சியும் ஒரே யோசனை. ஆனால் இதே அளவுகோல்தான் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையாக மாறியது, தலித் மக்களுக்குத் தனிக் குவளை என்று. அங்கே பிரிக்கப்பட்டது கருவி இல்லை, மனிதர். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4-ஆம் பிரிவில், பொது உணவகப் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தீண்டாமை காரணமாகத் தடுப்பதைக் குற்றம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பாத்திர வகைப்பாடு பற்றி யார் எழுதினாலும் இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

கடைசியாக, நம்மிடம் வாய்க்கு நேரே போகும் கருவி ஒன்றும் இல்லை என்று சொல்வது தவறு. பாலாடை இருக்கிறது. ஒரு பக்கம் நீண்ட மூக்கு உள்ள சின்னக் கிண்ணம். வெள்ளியிலோ எவர்சில்வரிலோ செய்தது. சங்கு என்றும் சொல்வார்கள், பழைய நாளில் உண்மையான சங்கையே குடைந்து பயன்படுத்தினார்கள். கரண்டி என்றால் கைப்பிடி இல்லை, குவளை என்றால் மூக்கு இருக்கிறது. குழந்தையின் தலையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, மூக்கு நுனியைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் நுனிக்கு வரும் அளவே சாய்க்க வேண்டும். குழந்தை தானே உறிஞ்சி விழுங்கட்டும். அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சாய்ப்பு. மூக்கின் இடுக்கில் பால் காய்ந்து தங்கும், அதனால் ஒவ்வொரு முறையும் அங்கே விரல் நுனியால் தேய்த்துக் கழுவிக் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்க வேண்டும். தாய்ப்பால் உறிஞ்ச வலுவில்லாத குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆங்கில மருத்துவ இதழ்களில் வரும் ஆய்வுகளிலும் அதன் பெயர் ‘பாலாடை’ என்றே இருக்கிறது.